இயற்பியல் படிக்க எந்த வாசல்? கலைக் கல்லூரி, ஐசர், இன்ஜினியரிங்: ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், இயற்பியல் பிடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. "பி.எஸ்சி ஃபிசிக்ஸ் படிச்சு என்ன பண்ணப் போறே, வாத்தியார் வேலைதானே? பேசாம இன்ஜினியரிங் போடு, அப்புறம் பாத்துக்கலாம்." பிள்ளைக்குப் பதில் தெரியாது. பெற்றோருக்கும் அவர்கள் சொல்வது சரிதானா என்று உள்ளூர உறுதி கிடையாது. கவுன்சலிங் தேதி வந்துவிடும், ஏதோ ஒன்றில் சேர்த்துவிடுவார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்பியலே வேண்டும் என்பவர்கள் ஐசர், நைசர் போன்ற ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வை எழுதட்டும், இடம் கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் அதற்காக ஓராண்டு வீட்டில் உட்கார வேண்டாம். நல்ல கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் நடக்கும், எம்.எஸ்சி சேருவதற்கான ஜாம் தேர்வை முதல் நாளிலிருந்தே மனதில் வைத்துப் படிக்கட்டும். பொறியியலைப் பாதுகாப்புக்காக எடுத்துக்கொண்டு பிறகு இயற்பியலுக்குத் திரும்பலாம் என்ற கணக்குதான், நான் பார்த்த வரையில், பெரும்பாலும் தப்பிப் போகிறது.

முதலில், எதைப் படிக்கப் போகிறோம்?

கல்லூரியை ஒப்பிடுவதற்கு முன்னால் பாடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். பிளஸ் டூ இயற்பியலில் 90க்கு மேல் வாங்குவதும் இயற்பியல் பிடிப்பதும் வேறு வேறு. சூத்திரத்தை மனப்பாடம் செய்து, எண்களைப் போட்டு, விடை வாங்கிவிடலாம். கல்லூரியில் அது இரண்டாம் செமஸ்டர் வரைக்கும்தான் ஓடும்.

ஒரு சின்னச் சோதனை வைத்துப் பாருங்கள். தனி ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் மட்டுமே பொறுத்தது என்று பிளஸ் ஒன்னில் படித்திருப்பீர்கள். பாடப்புத்தகத்தில் 'சிறிய கோணங்களுக்கு' என்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். சரி, ஊசலை 60 டிகிரிக்கு இழுத்து விட்டால் என்ன ஆகும்? அலைவு நேரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடிவிடும். ஊசலைத் திருப்பி இழுக்கும் விசை கோணத்தின் சைனைப் பொறுத்தது. கோணம் பெரிதாகப் பெரிதாக, சைன் அந்த அளவுக்கு வளர்வதில்லை. இழுப்பு தளர்வதால் ஊசல் திரும்பி வரத் தாமதமாகிறது. அந்த 7 சதவீதத்தை எப்படிக் கணக்கிடுவது என்று பார்த்தால், பிளஸ் டூவில் கற்ற தொகையீட்டு முறைகளுக்குள் அடங்காத ஒரு தொகையீட்டில் போய் நிற்கும்.

இதைப் படித்ததும், ஒரு நூலில் கல்லைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்றோ, அந்தத் தொகையீடு என்னவென்று தேட வேண்டும் என்றோ கை பரபரத்தால் நீங்கள் இயற்பியல் படிக்கலாம். 'இது தேர்வில் வருமா?' என்று மட்டுமே தோன்றினால், இன்னொரு முறை யோசியுங்கள். அதில் குறை ஒன்றுமில்லை, வேறு பாடம் உங்களுக்குப் பொருந்தும் என்று பொருள், அவ்வளவுதான்.

அடுத்தது கணிதம். இயற்பியல் பட்டப்படிப்பில் பாதிக்குப் பாதி கணிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் வரும் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்தையும், அணிகள், கலப்பெண்கள், வெக்டார் பாடங்களையும் எந்தக் கல்லூரி போனாலும் திரும்பத் திரும்பத் தொட வேண்டியிருக்கும். மின்காந்தவியலுக்கு வெக்டார் கால்குலஸ் வேண்டும், குவாண்டம் இயக்கவியலுக்கு அணிகளும் கலப்பெண்களும் வேண்டும். கணிதம் இல்லாத பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்களைப் பெரும்பாலான கல்லூரிகள் பி.எஸ்சி இயற்பியலில் சேர்ப்பதில்லை, அதற்குக் காரணம் இதுதான்.

பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். ஏனென்றால் தமிழ்நாட்டில் இயற்பியல் படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் போவது இந்த வழியில்தான். ஆனால் 'வேறு கிடைக்கவில்லை, அதனால் சேர்ந்தேன்' என்ற மனநிலையோடு போகிறார்கள். அந்த மனநிலையே முதல் வருடத்தைக் கெடுத்துவிடுகிறது.

இந்த வழிக்கு ஒரு பரம்பரை உண்டு. சி.வி. ராமன் படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் அதே கல்லூரியில் 1930இல் இயற்பியல் பட்டம் முடித்துக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்ற கணக்கை அந்தப் பயணத்தில் போட்டபோது அவருக்கு வயது 19. நோபல் பரிசு வந்தது 1983இல். ராமன் விளைவின் கண்டுபிடிப்பில் கூட இருந்த கே.எஸ். கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். அந்தக் காலத்துக் கல்லூரியும் இன்றைய கல்லூரியும் ஒன்றல்லதான். இருந்தாலும், இயற்பியல் என்பது எங்கோ தூரத்து நிறுவனங்களில் மட்டும் நடப்பது என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்வதைப் பார்க்கும்போது இந்தப் பெயர்களைச் சொல்லத் தோன்றுகிறது.

சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும், நுழைவுத் தேர்வு இல்லை. அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் கிடையாது, மற்ற கட்டணங்கள் எல்லாம் சேர்த்தாலும் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் கல்லூரி இருந்தால், மூன்றாண்டுப் படிப்புக்கு ஆகும் மொத்தச் செலவு ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் ஒரு செமஸ்டர் கட்டணத்தைக்கூடத் தொடாது.

பாடத்திட்டம் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஏறக்குறைய ஒரே வரிசைதான். பருப்பொருளின் பண்புகளும் ஒலியும், வெப்பவியல், இயந்திரவியல், ஒளியியல், மின்னியலும் காந்தவியலும், அணு இயற்பியல், அணுக்கரு இயற்பியல், திண்ம நிலை, எலெக்ட்ரானிக்ஸ், கடைசியில் குவாண்டமும் சார்பியலும். கூடவே துணைப்பாடமாகக் கணிதமும் வேதியியலும், பார்ட் ஒன்றில் தமிழும், பார்ட் இரண்டில் ஆங்கிலமும். பிராக்டிகலில் ஸ்பெக்ட்ரோமீட்டர், நியூட்டன் வளையம், முறுக்கு ஊசல், கேரி ஃபாஸ்டர் பாலம், மெல்டே கம்பி. பழைய சோதனைகள் என்று இவற்றை இளக்காரமாகப் பேசுகிறார்கள், அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு பட்டகத்தைச் சரியாக நிறுத்தி, சோடியம் விளக்கின் கோட்டைக் குறுக்குக் கம்பியில் கொண்டுவந்து, வெர்னியரை வாசிப்பதற்குள் பொறுமை, பிழைக் கணக்கு, கைப்பழக்கம் எல்லாம் வந்துவிடும். அதற்கு ஒரே நிபந்தனை, நீங்களே செய்ய வேண்டும். ஐந்து பேர் சுற்றி நிற்க ஒருவர் மட்டும் செய்து, மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டில் பழைய அளவுகளைக் காப்பியடிக்கும் ஆய்வகம் என்றால் அந்த மூன்று மணி நேரம் போனதுதான்.

பலவீனங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது தேர்வு முறை. பல்கலைக்கழக வினாத்தாள் பெரும்பாலும் 'விவரி', 'தருவி' என்றே கேட்கும். தருவித்தலை வரி மாறாமல் எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். அது உண்மையான புரிதல் என்று நம்பி, 80 சதவீதத்தோடு வெளியே வந்து, முதல் தேசியத் தேர்விலேயே திகைத்து நிற்பவர்கள் அதிகம். இரண்டாவது, பக்கத்தில் உட்காருபவர். வகுப்பில் பாதிப் பேருக்கு இயற்பியல் மேல் ஆசை இல்லையென்றால் விவாதிக்க ஆள் இருக்காது. இது கட்டணத்தைவிடப் பெரிய விஷயம். மூன்று பேர் கொண்ட ஒரு படிப்பு வட்டத்தை நீங்களே அமைத்துக்கொண்டால் இந்தக் குறையில் பெரும்பகுதி தீரும். சீனியர்களில் ஜாம் எழுதியவர் யார் என்று கேட்டுப் போய் நில்லுங்கள், யாரும் விரட்டமாட்டார்கள்.

ஜாம் என்பது ஐஐடிகளிலும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமான ஐஐஎஸ்சியிலும் எம்.எஸ்சி மற்றும் ஒருங்கிணைந்த பிஎச்.டி சேருவதற்கான தேர்வு. 3 மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண். அதில் 20 வினாக்களுக்கு விடைத் தெரிவுகளே இருக்காது, எண்ணை நீங்களே கணக்கிட்டு எழுத வேண்டும். இங்கே பலரும் கவனிக்காத ஒரு காலக் கணக்கு இருக்கிறது. தேர்வு நடப்பது மூன்றாம் ஆண்டின் பிப்ரவரியில். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரில். பல பல்கலைக்கழகங்களில் குவாண்டமும் திண்ம நிலையும் ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில்தான் வருகின்றன. வகுப்பில் நடத்தும்வரை காத்திருந்தால் அந்தப் பாடங்கள் முடிவதற்குள் ஜாம் வந்துவிடும். அதனால் இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறையிலேயே குவாண்டத்தில் பெட்டிக்குள் அடைபட்ட துகள் என்ற தொடக்கக் கணக்கு வரைக்குமாவது நீங்களே படித்துவிட வேண்டும். கணித முறைகளை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிட்டால், ஜாமின் எல்லாப் பிரிவுகளிலும் அது கைகொடுக்கும்.

தமிழ் வழியில் பி.எஸ்சி படிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. தமிழக அரசு வேலைவாய்ப்பில் தமிழ் வழியில் படித்தோருக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, அது சின்ன விஷயமல்ல. ஆனால் ஜாம், இயற்பியல் பிஎச்.டிக்கான ஜெஸ்ட் போன்ற தேர்வுகள் ஆங்கிலத்தில்தான். தமிழில் புரிந்துகொண்டு, அதே பாடத்தின் கணக்குகளை ஆங்கிலத்தில் போட்டுப் பழகுங்கள். கணக்கில் வரும் ஆங்கிலம் நூறு, இருநூறு சொற்களுக்குள் அடங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

கல்லூரிக்கு வெளியே இருப்பவற்றையும் கணக்கில் சேருங்கள். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எந்தக் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கலாம். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இளநிலை மாணவர்களுக்கென்றே நியஸ் என்ற திட்டம் வைத்திருக்கிறது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம், காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி, ஊட்டியில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி, கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் என்று நம் மாநிலத்துக்குள்ளேயே இத்தனை இருக்கின்றன. பொதுமக்களை அனுமதிக்கும் நாளில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாலே, படிப்பதன் மேல் பிடிப்பு வந்துவிடும்.

ஐசர், நைசர், ஐஐஎஸ்சி, சிஎம்ஐ

இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களைத்தான் ஐசர் என்கிறோம். 2006இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கி, இன்று ஏழு இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும். படிப்பு ஐந்தாண்டு, முடிவில் பி.எஸ்-எம்.எஸ் பட்டம். சேர்ந்ததுமே இயற்பியல் மட்டும் படிக்க முடியாது. தொடக்கத்தில் உயிரியல், வேதியியல், கணிதம் எல்லாவற்றையும் படித்த பிறகுதான் முதன்மைப் பாடம். ஐந்தாம் ஆண்டு முழுக்க ஒரு பேராசிரியரின் கீழ் ஆய்வு. இயற்பியல் என்று நினைத்துப் போய், உயிரியலில் மனம் பறிகொடுத்து அங்கேயே தங்கிவிடுபவர்கள் உண்டு. 17 வயதில் எடுத்த முடிவை 19 வயதில் மாற்றிக்கொள்ள இடம் தருவதுதான் இந்த நிறுவனங்களின் ஆகப் பெரிய நன்மை என்பேன்.

நுழைவுத் தேர்வின் பெயர் ஐஏடி. 60 வினாக்கள், இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியலுக்குத் தலா 15. கணிதம்-கணினி அறிவியல் பிரிவில் படித்த நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது உயிரியலில்தான். பத்தாம் வகுப்போடு அந்தப் பாடத்தை விட்டவர்கள் அந்த 15 வினாக்களை அப்படியே கைவிட்டுவிடுகிறார்கள். மற்ற மூன்றில் நன்றாகச் செய்தால் இடம் பிடிக்க முடியும்தான், ஆனால் உயிரியலில் எளிய நாலைந்து வினாக்களுக்காவது தயாராகப் போவது நல்லது.

புவனேசுவரத்தில் உள்ள நைசரும் மும்பையில் உள்ள, அடிப்படை அறிவியலுக்கான சிஇபிஎஸ் மையமும் அணுசக்தித் துறையின் ஆதரவில் நடப்பவை. இவற்றுக்கு நெஸ்ட் என்ற தேர்வு. அதில் நான்கு பிரிவுகளில் நீங்கள் நன்றாகச் செய்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வார்கள் என்பதால், உயிரியல் படிக்காதவர்களுக்கு இது தோதானது. இதுவும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. பெங்களூரு ஐஐஎஸ்சியில் 2011இல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பு இருக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனம், அதாவது சிஎம்ஐ, கணிதமும் இயற்பியலும் சேர்ந்த மூன்றாண்டு பி.எஸ்சி ஆனர்ஸ் தருகிறது. கணிதத்தில் ஊறியவர்களுக்கும் கோட்பாட்டு இயற்பியல் விரும்புபவர்களுக்கும் அது அருமையான இடம். தமிழ்நாட்டுக்குள்ளேயே இருந்தும் நம் மாணவர்களில் பலருக்கு அதன் பெயரே தெரியாமல் இருப்பது எனக்குத் தீராத வருத்தம்.

செலவு என்று பார்த்தால், ஐசரில் விடுதியும் சாப்பாடும் சேர்த்துப் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். அதை உதவித்தொகை ஓரளவு ஈடுகட்டும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு 80,000 ரூபாய், நைசர் மாணவர்களுக்கு அணுசக்தித் துறையின் திஷா திட்டத்தில் ஆண்டுக்கு 60,000 ரூபாயும் கோடைப் பயிற்சிக்கு 20,000 ரூபாயும் என்று ஏற்பாடு. இன்ஸ்பயர் பற்றி ஒரு முக்கியமான சேதி. தங்கள் பள்ளிக் கல்வி வாரியத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் மதிப்பெண் எடுத்தவர்கள், சாதாரணக் கல்லூரியில் பி.எஸ்சி இயற்பியல் சேர்ந்தாலும் அதற்கு விண்ணப்பிக்கலாம். தகுதி இருந்தும் கேட்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள், அந்தந்த ஆண்டு அறிவிப்பைத் தேடிப் பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்து ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற நிறுவனங்களில் சேர்பவர்களின் இளநிலைப் படிப்புச் செலவைத் தமிழக அரசே ஏற்பதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. தலைமையாசிரியரிடம் விசாரித்தால் விண்ணப்பிக்கும் வழி கிடைக்கும்.

இங்கே படிப்பின் வேகம் வேறு. வாரா வாரம் கணக்குத் தாள், தேர்வில் நோட்டில் இல்லாத வினா, பாடம் முழுக்க ஆங்கிலம். தமிழ் வழியில் முதல் மதிப்பெண் எடுத்தே பழகிய பிள்ளை முதல் செமஸ்டரில் கடைசி வரிசைக்குப் போவது நடக்கும். அது புத்திக் குறைவு இல்லை. ஜேஇஇ பயிற்சி எடுத்து வந்தவர்கள் அந்தக் கணக்குகளை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டுக்குள் பலர் சமமாகிவிடுகிறார்கள். ஆனால் அந்த முதல் ஆண்டைத் தாங்குவதற்கு வீட்டின் துணை வேண்டும். "என்ன மார்க் குறைஞ்சுபோச்சு?" என்று போனில் கடிந்துகொள்ளும் அப்பாவைவிட, "சாப்பிட்டியா, யாரோட சேர்ந்து படிக்கிற?" என்று கேட்கும் அம்மா அந்த ஆண்டில் பெரிய உதவி.

ஐசருக்காக ஓராண்டு விட்டுவிட்டுத் தயார் செய்வதை நான் ஏன் வேண்டாம் என்கிறேன்? பி.எஸ்சி மூன்றாண்டு, எம்.எஸ்சி இரண்டாண்டு, ஆக ஐந்து. ஐசரும் ஐந்து. இருவரும் பிஎச்.டி வாசலுக்கு ஒரே ஆண்டில்தான் வந்து சேருகிறார்கள். ஜாம் வழியாக ஐஐடியில் எம்.எஸ்சி படித்தவருக்கும் ஐசரில் முடித்தவருக்கும் அந்த இடத்தில் பெரிய வித்தியாசம் பார்க்கமாட்டார்கள். சொல்லப்போனால், ஐஐஎஸ்சி, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டிஐஎஃப்ஆர், கணித அறிவியல் நிறுவனம் ஆகியவற்றில் பி.எஸ்சி முடித்ததுமே ஒருங்கிணைந்த பிஎச்.டியில் சேர முடியும். மூன்றாண்டில் இன்னொரு வாய்ப்பு வரப்போகிறது என்று தெரிந்த பிறகு, அதற்காக ஓராண்டைப் பணயம் வைப்பானேன்?

இன்ஜினியரிங் போய்விட்டு அப்புறம்

'இஸ்ரோவில் சேர வேண்டும், அதனால் பி.எஸ்சி ஃபிசிக்ஸ்' என்று ஒரு கூட்டம் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. அவர்களிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். இஸ்ரோ விஞ்ஞானி-பொறியாளர் பணிக்குப் பெருமளவில் எடுப்பது எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியாளர்களைத்தான். மயில்சாமி அண்ணாதுரை பொறியியல் படித்தவர். கே. சிவன் நாகர்கோவிலில் கணிதப் பட்டம் முடித்தபின் சென்னை எம்ஐடியில் விமானப் பொறியியல் படித்தவர். ராக்கெட் செய்வதுதான் ஆசை என்றால் பொறியியலே சரியான வழி. ஜேஇஇ அட்வான்ஸ்டில் நல்ல ரேங்க் வந்தால் திருவனந்தபுரம் வலியமலையில் இருக்கும் ஐஐஎஸ்டியைப் பாருங்கள், அது விண்வெளித் துறையே நடத்தும் நிறுவனம்.

அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954இல் இயற்பியல் பட்டம் முடித்தவர். படிப்பு முடியும் தறுவாயில்தான் தனக்கு உரியது பொறியியல் என்று உணர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதன் பிறகு குரோம்பேட்டை எம்ஐடியில் விமானப் பொறியியல். இந்த உதாரணத்தைப் பலர் பி.எஸ்சிக்கு ஆதரவாகச் சொல்கிறார்கள். எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. ஒரு பொருளைச் செய்து பார்ப்பதில் இன்பம் காண்பவர் ஒருவர், அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பதில் இன்பம் காண்பவர் இன்னொருவர். தான் யார் என்பதைப் பிளஸ் டூவிலேயே தெரிந்துகொண்டால் சுற்று குறையும். தெரியவில்லையென்றாலும் வழி அடைபடாது. பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால், பி.எஸ்சி முடித்தவர்கள் இன்றும் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

எதிர்த் திசையில், பொறியியல் முடித்து இயற்பியலுக்குத் திரும்ப வழி இருக்கிறதா? இருக்கிறது. ஜெஸ்ட், கேட் தேர்வுகள் எழுதலாம். டிஐஎஃப்ஆர் போன்ற இடங்களில் பி.டெக் முடித்தவர்களுக்கும் இயற்பியல் பிஎச்.டி திறந்திருக்கிறது. ஆனால் பி.இ. முதல் ஆண்டில் இயற்பியல் ஒன்றிரண்டு தாள்களோடு நின்றுவிடும். அடுத்த மூன்றாண்டு வேறு பாடங்கள், அசைன்மென்ட், ப்ராஜெக்ட். ஏழாம் செமஸ்டரில் கேம்பஸ் இண்டர்வியூ. கையில் வேலை ஆணையும் தலையில் கல்விக் கடனும் இருக்கும்போது, மறுபடி குவாண்டம் படித்து நுழைவுத் தேர்வு எழுத மனம் வருவது அரிது. வருபவர்களை நான் வணங்குகிறேன், அவர்களை நம்பிப் பொது விதி எழுத மாட்டேன்.

இடைவழி ஒன்று உண்டு. ஐஐடி மெட்ராஸ் உள்ளிட்ட சில ஐஐடிகளில் இன்ஜினியரிங் ஃபிசிக்ஸ் என்று நான்காண்டு பி.டெக் இருக்கிறது. குவாண்டம், புள்ளியியல் இயற்பியல், எலெக்ட்ரானிக்ஸ், ஆய்வகம் என்று பாடத்தில் கலப்படமில்லாத இயற்பியல் கிடைக்கும், ஐஐடி கேம்பஸ் வேலைவாய்ப்பும் கூடவே இருக்கும். வீட்டாரின் கவலையும் பிள்ளையின் ஆசையும் ஒன்றாகத் தீரும் இடம் இதுதான். தடை ஜேஇஇ அட்வான்ஸ்ட் மட்டுமே, அந்தத் தேர்வோ தமிழில் கிடையாது.

வேலையும் காலமும்

'வாத்தியார் வேலைதானே' என்ற கேள்விக்கு வருவோம். ஆம், ஆசிரியர் வேலை ஒரு நல்ல வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பி.எஸ்சியோடு பி.எட் முடித்து, டெட் என்ற தகுதித் தேர்வில் தேறி, ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பியின் போட்டித் தேர்விலும் வென்றால் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். எம்.எஸ்சி, பி.எட் இருந்தால் டிஆர்பி எழுதி முதுகலை ஆசிரியர். கல்லூரியில் சேர எம்.எஸ்சியில் 55 சதவீதமும் நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும், அல்லது பிஎச்.டியும் வேண்டும்.

அதிகம் பேசப்படாத ஒரு வேலை மருத்துவ இயற்பியல். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் மருத்துவமனைகளில், எவ்வளவு கதிர்வீச்சு எந்தக் கோணத்தில் போனால் கட்டியைத் தாக்கும், பக்கத்து உறுப்பைத் தொடாது என்று கணக்கிடுபவர் மருத்துவ இயற்பியலாளர். பி.எஸ்சி இயற்பியலுக்குப் பின் அண்ணா பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம் போன்றவற்றில் எம்.எஸ்சி மருத்துவ இயற்பியல் படிக்கலாம். எம்.எஸ்சி இயற்பியல் முடித்தவர்களுக்குப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க இயற்பியல் டிப்ளமா இருக்கிறது. இதற்கு அடித்தளமாக இயற்பியல் பட்டமே தேவை. இந்த வேலைக்குள் வர இன்ஜினியரிங் நேர்வழி அல்ல.

ஆராய்ச்சி என்றால் நீண்ட காலம். பிளஸ் டூவிலிருந்து பிஎச்.டி முடிய ஏறக்குறைய பத்தாண்டு. ஆனால் அதன் பின்பாதியில் வீட்டிலிருந்து பணம் வாங்க வேண்டியதில்லை. பிஎச்.டி மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000. சென்னையில் பொறியியல் முடித்த பலரின் தொடக்கச் சம்பளத்தைவிட இது குறைவில்லை. பிஎச்.டிக்குப் பிறகு நிரந்தர வேலை கிடைக்கச் சில ஆண்டுகள் அலைய வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. மூத்த பிள்ளை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கை படிக்கிறாள் என்ற வீடுகளில் இந்தப் பத்தாண்டைக் கேட்பது நியாயமில்லை. அங்கே மூன்றாண்டுப் பி.எஸ்சிக்குத் தனிப் பலம் உண்டு. ஐசரில் மூன்றாண்டு முடித்தவர் கையில் பட்டம் இருக்காது. பி.எஸ்சி முடித்தவர் 20, 21 வயதில் டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, பி.எட், எம்.சி.ஏ என்று எந்தப் பக்கமும் திரும்ப முடியும். வீட்டு நிலைமை எப்படிப் போகும் என்று சொல்ல முடியாதவர்கள் ஐந்தாண்டுப் படிப்பைவிட மூன்றாண்டுப் படிப்பை எடுப்பதே புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கிறேன்.

கணிதமும் இயற்பியலும் சேர்ந்து பிடித்தவர் சிஎம்ஐ தேர்வையும் ஐஏடியையும் எழுதிவிட்டு, எது கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். இயற்பியலா உயிரியலா என்று குழம்புபவருக்கு ஐசர். சர்க்யூட் போர்டும் சால்டரிங் இரும்புமாக இருப்பவருக்கு எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங், அவர் மனம் அங்கேதான் நிறையும். நுழைவுத் தேர்வுகளைப் பற்றி யாருமே சொல்லாததால் தேதியைத் தவறவிட்டு, மே மாத இறுதியில் இதைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு அரசுக் கல்லூரி. கடைசியாகச் சொன்ன அந்த வழியில் இழப்பு என்று எதுவும் இல்லை.

கலைக் கல்லூரி என்று முடிவானால், விண்ணப்பம் போடும் முன் ஒரு நாள் நேரில் போய் இயற்பியல் துறையைப் பாருங்கள். ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். வகுப்பு முடிந்த பிறகும் ஆய்வகம் திறந்திருக்குமா, நூலகத்திலிருந்து முதல் ஆண்டு மாணவருக்கு எத்தனை புத்தகம் தருவார்கள், போன ஆண்டு மூன்றாமாண்டில் எத்தனை பேர் ஜாம் எழுதினார்கள், அவர்களில் ஒருவரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். இரண்டு கல்லூரிகளில் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டு வந்து, பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள்.